ஆண்டுவிழாவுக்கு நாங்கள் அழைத்த மருத்துவச்சி

எங்கள் மாதர் சங்கத்தில் கமிட்டி என்று ஐந்து பேர் இருந்தோம். அதில் வயதில் சின்னவள் நான். திருவாரூரிலிருந்து காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன், எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசத் தெரியாது. இதைப் பார்த்துத்தான் என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள் என்று நினைக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டு வருஷம் கழிந்திருந்தது. ஊரில் புதிது புதிதாகச் சங்கங்கள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். என்னைச் சங்கத்தில் சேர்த்துவிட்டதே என் வீட்டுக்காரர்தான். அவர் மேரியில் குமாஸ்தா. நகரசபை ஆபீஸை ஊரில் எல்லோரும் அப்போதும் மேரி என்றுதான் சொல்வார்கள். “வீட்டுக்குள்ளேயே கிடந்தா நாலு விஷயம் எப்படித் தெரியும்? போய்ட்டு வா” என்று அவரே முதல் நாள் ஜட்கா பிடித்து ஏற்றிவிட்டார். அழைப்பிதழுக்கு வாசகம் எழுதுவது, வெளியூர்ப் பேச்சாளர்களுக்குக் கடிதம் எழுதுவது எல்லாவற்றிலும் எனக்குத் துணை அவர்தான். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை.

நான் அவருக்கு இரண்டாந்தாரம். மூத்தவள் விஷக்காய்ச்சலில் போய்விட்டாள் என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டார்கள். மாயவரத்துப் பெண். பிரெஞ்சுக்காரர்கள் போவதற்கு முந்தின ஆடி மாதம் இறந்துபோனாள். கூடத்தில் அவள் படம் மாட்டியிருந்தது. என்னைவிடச் சின்ன முகம். வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் படத்துக்கு நான்தான் பூ வைப்பேன். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

சங்கத்தின் தலைவி நொத்தேர் வீட்டம்மா. கணவர் பத்திரம் எழுதிப் பதிகிறவர், பிரெஞ்சு காலத்திலிருந்து அந்த உத்தியோகத்துக்கு நொத்தேர் என்று பெயர். அவர்கள் வீட்டு ஹாலில் சனிக்கிழமை மத்தியானம் கமிட்டி கூடும். அதுவரை நாங்கள் நடத்தியது கோலப்போட்டி, ஊறுகாய்ப் போட்டி, மார்கழியில் ஒரு வாரம் பஜனை. முதல் ஆண்டுவிழாவுக்கு மட்டும் பெரிய பேச்சாளர் ஒருவரை வரவழைக்க வேண்டும் என்று தலைவிக்கு ஆசை. கும்பகோணத்துச் சொற்பொழிவாளர் ஒருவர் பெயரைச் சொன்னார்கள். கற்பின் பெருமையைப் பற்றி அவர் பேசினால் பெண்கள் விசும்பி அழுவார்களாம்.

கமிட்டியில் ஒரு முஸ்லிம் அம்மாள் இருந்தார். அந்தக் குடும்பத்துக்குச் சைகோனில் ஜவுளிக்கடை. நாங்கள் எல்லோரும் அவரை லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“ஆம்பளை பேச வர்றதாயிருந்தா நடுவுல திரை கட்டுங்க. இல்லாட்டி எங்க தெருவுலேருந்து ஒரு புள்ள வராது.”

திரை கட்டுவதாக முடிவாயிற்று. சொற்பொழிவாளருக்கு அந்த விவரத்தையும் சேர்த்து எழுதினேன். மரியாதையாக, ஆனால் சுருக்கமாகப் பதில் வந்தது. முகம் தெரியாத சபையில் தாம் பேசுவதில்லை என்று எழுதியிருந்தார். விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அவசரமாகக் கமிட்டி கூட்டினோம். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை ஊரில் இல்லை. நாகப்பட்டினத்துப் பாட்டு டீச்சருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒவ்வொரு பெயராக எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். லாத்தா வெற்றிலையை மென்று முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“ஆஸ்பத்திரியில பிரசவம் பாக்குதே, கருக்களாச்சேரிப் புள்ள, அதைக் கூப்பிட்டா என்ன? என் மருமவளையும் பேரனையும் மீட்டுக் குடுத்தது அதுதான். நல்லா விளக்கமாப் பேசும்.”

தலைவி சிரித்தார். பிறகு லாத்தா விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

“மேடை போட்டு, பூர்ணகும்பம் வெச்சு, பிரசவத்தைப் பத்தியா பேசுறது? அதுவும் மீன்கார வீட்டுப் பொண்ணு. நாளைக்கு ஊரே சிரிக்கும்.”

“தாய் வயித்துல பொறக்காதவ யாரு இருக்கா இங்க? சிரிக்கிறவளைச் சொல்லச் சொல்லுங்க” என்றார் லாத்தா.

இரண்டு பேர் அந்தப் பக்கம், இரண்டு பேர் இந்தப் பக்கம். நால்வரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். பிரசவத்தைப் பற்றி ஒரு சொல்கூட யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. எனக்கு அம்மா இல்லை. தலைப்பிரசவம் புகுந்த வீட்டில்தான் என்று முன்பே முடிவாகியிருந்தது. பயத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்துக்கொண்டிருந்தேன். “வரட்டுமே அம்மா” என்று சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. லாத்தாவுக்குக் கேட்டுவிட்டது. அழைப்பிதழில் பிரசவம் என்ற சொல் வரக்கூடாது என்று தலைவி கண்டிப்பாகச் சொன்னதால் “தாயும் சேயும்” என்று தலைப்புப் போட்டோம்.

அழைக்க ஆஸ்பத்திரிக்கு நானும் லாத்தாவின் மகளும் போனோம். மருத்துவச்சிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கட்டையான உருவம், வெள்ளைப் புடவை, கை முழங்கை வரை நனைந்திருந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கன்னியாஸ்திரீகளிடம் படித்துத் தேறியவர் என்று சொன்னார்கள். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டே மறுத்தார்.

“எனக்கு மேடையெல்லாம் வராதும்மா. வேற யாரையாவது பாருங்க.”

அச்சடித்த அழைப்பிதழ் மாதிரியை அவர் கையில் கொடுத்தேன். கீழே காரியதரிசியின் விலாசம் இருந்தது. அதை வாசித்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

“எத்தனை மாசம்?”

“அஞ்சு.”

“சரி, வர்றேன்” என்றார். நான் சந்தோஷப்பட்டு நன்றி சொன்னேன். அவர் அழைப்பிதழை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு, பெண்கள் பள்ளிக்கூட ஹாலில். ஆண்களே கூடாது என்பதால் ஒலிபெருக்கிக்காரரை ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தடியில் உட்காரவைத்து வயரை உள்ளே இழுத்திருந்தோம். திரைக்கு வேலை இல்லாமல் போனதால் லாத்தாவின் தெருவிலிருந்து நான்கு கூண்டு வண்டி நிறையப் பெண்கள் வந்தார்கள். சுரக்குடி, குரும்பகரத்திலிருந்துகூட மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நூற்றைம்பது பேருக்குக் குறையாது. என் மாமியார் முதல் வரிசையில், நடைவழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மருமகள் மேடையில் இருப்பதில் அவருக்குப் பெருமை. யார் பேசப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவருக்குப் படிக்கத் தெரியாது, நானும் சொல்லவில்லை. மருத்துவச்சி மேடை ஏறியபோது அவர் எழுந்திருக்கப் போவது போல் முன்னால் சாய்ந்து, மறுபடியும் உட்கார்ந்ததைப் பார்த்தேன். கால் மரத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நன்றியுரை என்னுடையது. பிரசவப் பேச்சு என்பதால் கூச்சப்பட்டு, பேச்சாளர் யார் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, அழைப்பிதழையும் காட்டவில்லை. பேச்சாளர் பெயருக்கு இடம் விட்டு அவர் முத்து முத்தாக எழுதிக் கொடுத்த தாளை மடியில் வைத்திருந்தேன்.

மருத்துவச்சி ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து நின்று வணக்கம் சொன்னார். பிறகு எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

“பெத்த புள்ளையைப் பறிகுடுத்தவங்க இங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்கம்மா. கூச்சப்படாதீங்க. ஆம்பளைங்க யாரும் இல்லை.”

ஒருவரும் தூக்கவில்லை. மேடையில் எங்கள் தலைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார், பார்த்தாயா நான் சொன்னேனே என்பது போல. அப்போது பின்வரிசையில் ஒரு கிழவி கையைத் தூக்கினாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. திரைக்காக ஒதுக்கியிருந்த பகுதியில் துப்பட்டிக்குள்ளிருந்து வளையல் போட்ட கைகள் நாலைந்து மேலே வந்தன. அதன் பிறகு ஹால் முழுக்கக் கைகளாகிவிட்டது. சிலர் இரண்டு விரல் காட்டினார்கள். சிலர் மூன்று. என் மாமியார் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு விரலைக் காட்டினார். என் வீட்டுக்காரருக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளை அவர் இழந்திருக்கிறார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. என் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. தலைவியும் கையைத் தூக்கியிருந்தார். அவருக்குப் பிள்ளையே பிறக்கவில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

இத்தனை பேரா? தினமும் தெருவில் பார்க்கிறவர்கள், கோலப்போட்டியில் புள்ளி எண்ணித் தகராறு செய்தவர்கள், இவர்களில் இத்தனை பேரா?

“கையை இறக்குங்க” என்றார் மருத்துவச்சி. “இதுல பாதி நடந்திருக்கவே வேண்டாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அழுக்குத் துணி, தொப்புள்கொடி அறுக்கும் கத்தி, கை கழுவாமல் பிள்ளையைத் தொடுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மேடைப்பேச்சு மாதிரியே இல்லை. அடுப்படியில் நின்று பேசுவது போல இருந்தது. கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னார். ஒரு பெண் அழுதுகொண்டே கேட்டாள். தலைவியே முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் செய்த தேர்வு சரிதான் என்று எனக்குள் ஒரு கர்வம்கூட வந்துவிட்டது.

அப்போது அவர் சொன்னார்.

“நான் பாத்ததுல ஒண்ணை மட்டும் சொல்லி முடிச்சிடறேன். பேர் சொல்ல மாட்டேன். வெள்ளைக்காரன் போனானே, அதுக்கு முந்தின ஆடி மாசம். காலையில பத்து மணி இருக்கும். ஆஸ்பத்திரிக்கு ஒரு பால்கார அம்மா ஓடி வந்து, இந்தத் தெருவுல ஒரு பொண்ணு ஒன்றரை நாளா வலியில கிடக்குது, உடனே வாங்கன்னுச்சு. பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். உடைஞ்ச அம்மிக்கல்லை வாசல்படியாப் போட்டிருப்பாங்க, அந்த வீடு. படியில கால் வைக்கறேன், வாசல்லேயே நிறுத்திட்டாங்க. வேண்டாம், திரும்பிப் போன்னுட்டாங்க. உள்ளே நாட்டு மருத்துவச்சி, கை முதல்ல வந்துடுச்சு கை முதல்ல வந்துடுச்சுன்னு கத்துறது தெருவுக்குக் கேக்குது. குறுக்கே கிடந்த புள்ளையைத் திருப்ப எனக்குத் தெரியும். நிலையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினேன். விடலை. அந்தப் பொண்ணுக்கு என் குரல் காதுல விழுந்திருக்கு. உள்ளேருந்து ‘அக்கா, போயிடாதீங்க, அக்கா, போயிடாதீங்க’ன்னு கூப்பிட்டுது. கதவைச் சாத்திட்டாங்க. அன்னிக்கு மத்தியானமே அந்தப் பொண்ணு செத்துப்போச்சு. பத்தொன்பது வயசு.”

உடைந்த அம்மிக்கல் என்று அவர் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கல்லில் கால் வைத்துத்தான் அன்று மத்தியானம் வீட்டை விட்டு இறங்கி வந்திருந்தேன். காரைக்காலில் வேறு ஒரு வீட்டுக்கும் அப்படிப் படி கிடையாது. ஆடி மாதம். பத்தொன்பது வயது. படத்தில் இருக்கிற சின்ன முகம். விஷக்காய்ச்சல்.

தலையை நிமிர்த்திச் சபையைப் பார்த்தேன். பாதிப் பேர் மருத்துவச்சியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எங்கள் தெருப் பெண்கள், பால் ஊற்றுகிறவள், கோயிலில் கன்னத்தைக் கிள்ளி ‘மகராசியா இரு’ என்றவர்கள், எல்லோருக்கும் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான். என் மாமியார் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

“நன்றியுரை” என்று தலைவி என் முதுகைத் தொட்டார்.

எழுந்து போனேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. தாளைப் பிரித்தேன். ‘பேரன்புமிக்க தாய்மார்களே’ என்று அழகான கையெழுத்தில் இருந்தது. வாசிக்க வரவில்லை. சபை காத்துக்கொண்டிருந்தது. வெளியே மரத்தடியில் ஒலிபெருக்கிக்காரர் இருமியது கேட்டது.

நான் மருத்துவச்சி பக்கம் திரும்பினேன். “அக்கா, என் பிரசவத்தை நீங்க வந்து பாப்பீங்களா?” என்று கேட்டேன். ஒலிபெருக்கி முன்னால் நின்று கேட்டதால் அது தெருவரைக்கும் போயிருக்கும்.

“வர்றேம்மா” என்றார் அவர். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் நான் செய்த நன்றியுரை.

ஜட்காவில் நானும் மாமியாரும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். மீன்கார வீட்டுப் பெண் படி ஏறக்கூடாது என்று இந்தக் கிழவிதான் கதவைச் சாத்தியிருக்கிறாள் என்று எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. ஐந்து மாதமாக எனக்குக் கஞ்சியும் கஷாயமும் வைத்துத் தந்த கையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வாசலில் என் வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருந்தார். “என்ன, நன்றியுரை நல்லா வந்துச்சா?” என்று சிரித்தபடி கேட்டார். நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன். மாமியார் நேராக அடுப்படிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். நான் பின்னாலேயே போனேன்.

“ஏன் அத்தை அவங்களைத் திருப்பி அனுப்புனீங்க?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முதலில் நான் கேட்டது புரியாதது போலப் பார்த்தார்.

“நானா? பால்காரியை ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னதே நான்தான்டி. யார் வந்தா என்ன, எந்த ஜாதியா இருந்தா என்ன, என் வீட்டுப் பொண்ணு பிழைச்சாப் போதும்னு காலுல விழுந்து கெஞ்சினேன். உன் புருஷன் கேக்கலை.”

அடுப்படி வாசலில் நிழல் விழுந்தது. அவர் வந்து நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“நான்தான்” என்றார். “அம்மா இல்லை. நான்தான் நிறுத்தினேன்.”

அந்த நிமிஷத்தில் ஏற்பட்ட அதிர்ச்சிக்கு முன்னால் ஹாலில் பட்டது ஒன்றுமே இல்லை. மாமியாரை வெறுக்க நான் தயாராக இருந்தேன். இவரைப் பற்றி அப்படி ஒரு எண்ணம் என் கனவிலும் வந்ததில்லை. எறும்பு மொய்த்த சர்க்கரையைக்கூட வெயிலில் பரப்பி, எறும்பெல்லாம் போன பிறகு எடுத்து வைக்கிறவர்.

“ஏன்?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் நின்றபடியே சொன்னார். பிரெஞ்சுக்காரனை வெளியேறச் சொல்லி ஊர்வலம் போனவர்களில் அவரும் ஒருவர் என்பது எனக்குத் தெரியும். பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அப்போது நெல் மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சத்தியம் செய்திருந்தார்களாம். சர்க்கார் ஆபீஸ் படி ஏறுவதில்லை, சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவதில்லை, சர்க்கார் ஆஸ்பத்திரி மருந்தைத் தொடுவதில்லை.

“அவங்க பெட்டியில பிரெஞ்சு சர்க்கார் முத்திரை இருந்துச்சு” என்றார். “அதைத்தான் பாத்தேன். வேற ஒண்ணையும் பாக்கலை. நாகப்பட்டணத்துலேருந்து நம்ம டாக்டரைக் கூட்டியார ஆள் அனுப்பியிருந்தேன். வந்துடுவார், வந்துடுவார்னு நினைச்சேன். எல்லையில பாஸ் கேட்டு நிறுத்திட்டாங்க. அவர் வந்து சேரும்போது மணி மூணு.”

“உள்ளேருந்து அந்தப் பொண்ணு கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கலையா?”

“கேட்டுச்சு” என்றார் அவர்.

பிரெஞ்சுக்காரர்கள் போன மறுவருஷமே அவருக்கு மேரியில் வேலை கிடைத்துவிட்டது. அதே கட்டடம், அதே மேஜை. ஆஸ்பத்திரியிலும் அதே கட்டில்கள்தான். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரே தினமும் காலையில் அந்தப் படிகளில் ஏறும்போது நினைத்திருப்பார்.

“காய்ச்சல்னு சொல்லச் சொன்னது நான்” என்றார் மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு. “போனவ போயிட்டா. இவனையாவது வாழ வைக்கணும்னு நினைச்சேன்.”

இரண்டு நாள் கழித்து நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருத்துவச்சி துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“நான் அந்த வீட்டு மருமகள்னு உங்களுக்குத் தெரியுமா அக்கா?”

“தெரியும். விலாசத்தைப் பாத்தேனே.”

“தெரிஞ்சுமா அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க?”

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. “உங்ககிட்டத் தனியா வந்து சொன்னா நம்பியிருப்பீங்களா? உங்க வீட்டுக்காரர்கிட்டப் போய்க் கேட்டிருப்பீங்க. அவங்க இல்லைன்னு சொல்லியிருப்பாங்க. நாளைக்கு உங்களுக்கு வலி வந்தா நான் மறுபடியும் அந்தப் படியில நின்னு கெஞ்சணும். என்னால இன்னொரு வாட்டி முடியாதும்மா.” குனிந்தபடியே, “மன்னிச்சுக்குங்க” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அவர் மடித்து வைத்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் இன்னொன்றை எடுத்து மடித்தார்.

எனக்கு வைகாசியில் வலி கண்டது. வீட்டில் வேண்டாம், ஆஸ்பத்திரிதான் என்று முன்பே சொல்லிவிட்டேன். யாரும் மறுக்கவில்லை. நான் படுத்திருந்த அறைக்கு வெளியே பெஞ்சில் என் வீட்டுக்காரர் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாராம். காபிகூடக் குடிக்கவில்லை என்று மாமியார் சொன்னார். மருத்துவச்சி ஐந்தாறு தடவை அவரைக் கடந்து போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் இவர் எழுந்து நின்றாராம். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லையாம். சாயங்காலம் மகள் பிறந்தாள். நல்ல குரல்.

சங்கத்திலிருந்து மூன்று குடும்பங்கள் விலகிவிட்டன, மானம் போயிற்று என்று. ஆனால் அடுத்த கமிட்டிக்குப் பேச்சாளர் பட்டியலை எடுத்து வந்தவர் தலைவியேதான். “பச்சைப்பிள்ளைக்கு வர்ற வயித்துப்போக்கைப் பத்திப் பேச யாராவது இருந்தா விசாரி” என்று என்னிடம் சொன்னார். கற்பின் பெருமையைப் பற்றி யாரையும் அழைக்க வேண்டும் என்று அப்புறம் அவர் சொன்னதே இல்லை.

குழந்தைக்கு மூன்றாவது மாதம் நடக்கும்போது, ஆடியில், என் வீட்டுக்காரர் ஒருநாள் லீவு போட்டுவிட்டு மாயவரம் போனார். எங்கே போகிறேன் என்று எங்களிடம் சொல்லவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் நின்றார். மூத்தவளின் அப்பா அம்மாவைப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவர்களுக்கும் விஷக்காய்ச்சல் என்றும், குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது என்றும்தான் அப்போது சொல்லியிருந்தார்கள். அந்த வருஷம் பெண்ணைப் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக எல்லை தாண்ட முடியவில்லை. செய்தி கேட்டுப் புறப்பட்டவர்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டாராம். அம்மா மட்டும் எதிரிலேயே உட்கார்ந்து முழுவதையும் கேட்டிருக்கிறார். திட்டவில்லை, அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

“அப்ப புள்ளை பொறந்துச்சா? ஆணா, பொண்ணா?”

இவருக்குத் தெரியவில்லை. அன்று உள்ளே போய்ப் பார்க்கவில்லை. மூன்று வருஷமாக யாரிடமும் கேட்கவும் இல்லை. தெரியவில்லை என்று அந்த அம்மாள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறார்.

கூடத்தில் நின்றபடியே இப்போது தன் அம்மாவைப் பார்த்து அதைக் கேட்டார். மாமியார் என் மகளை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

“பொண்ணு” என்றார். “நான்தான் குளிப்பாட்டித் துணியில சுத்தினேன். தலை நிறைய முடி.”

என் வீட்டுக்காரர் மேஜைக்குப் போய் ஒரு தபால் கார்டை எடுத்தார். நன்றியுரை எழுதிய அதே கையெழுத்து. எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. எழுதி முடித்ததும் தபாலில் போடச் சொல்லி என் கையில் கொடுத்தார். விலாசம் தவிர அதில் இரண்டே வரி இருந்தது. பெண் குழந்தை என்று ஒரு வரி. தலை நிறைய முடி இருந்ததாக அம்மா சொல்கிறார்கள் என்று இன்னொரு வரி.